மூன்று நார்ட்டனும் ஒரு மொட்டைப்பாறையும்

பெட்டிஷன் எழுதும் தொழிலில் கையைவிட வாய்தான் அதிகம் வலிக்கும். அடுத்தவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து மாட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! சுதந்திரம் வந்த புதிதில் மலாக்காவில், காஜா பேராங் தெருக் கடைவாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தேன். குடியுரிமைக்கு மனுப் போட வந்த கூட்டத்தில் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை.

வடக்காவது தெற்காவது

பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து பாக்கியம்மா வந்தார். கணவருக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. இவரிடமோ பிறப்புப் பத்திரம் இல்லை. தன்னை மட்டும் நாட்டைவிட்டுக் கப்பலேற்றிவிடுவார்களோ என்று பயந்து போயிருந்தார்.

பிறந்தது நார்ட்டன் ரப்பர் தோட்டம் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். நார்ட்டன் என்றால் வடக்குப் பண்ணை, இங்கிலாந்தில் அந்தப் பெயரில் எத்தனையோ ஊர், யாரோ ஒரு துரை தன் ஊர்ப் பெயரை இங்கே வைத்திருக்கிறான் என்று அளந்துவிட்டேன். பாக்கியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வடக்கு தெற்கெல்லாம் கெடக்கட்டும் அண்ணே, நான் பொறந்தத மொதல்ல எழுதுங்க."

ஆளுக்கொரு நார்ட்டன்

மலாக்காப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை என்று பதில் வந்தது. விசாரித்தால், அங்கங்கே மூன்று நார்ட்டன் தோட்டம்! எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. "துரை வெச்ச பேரு இருக்கட்டும்மா, நீங்க என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டேன். மொட்டைப்பாறைத் தோட்டமாம். அட, தோட்டத்து ஜனங்கள் எந்தக் காலத்தில் துரை வைத்த பெயரைச் சொன்னார்கள்!

வெள்ளிக்கிழமை துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் வருவோர் போவோரையெல்லாம் பிடித்து மொட்டைப்பாறை எங்கே என்று கேட்டேன். லாரி ஓட்டும் ஒருவர் சிரித்தார்: "பக்கத்து மாநிலம் ஜொகூர்ல, மூவார் பக்கம். பாறைக்கு எதுத்தாப்லதான் மாமியார் வீடு, மறக்க முடியுங்களா?"

பத்திரம் வந்தது

மூவார் பதிவு அலுவலகத்துக்கு எழுதினேன், பத்திரம் வந்தது. பாக்கியம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேவிட்டார். "இனிமே உங்கள யாரும் அசைக்க முடியாது" என்றேன்.

பிறந்த தேதியைப் படித்துக் காட்டியதும் அழுகை சட்டென்று நின்றது. அவர் கணவரின் மனுவை எழுதியவனும் நான்தான். அவரைவிட இந்த அம்மா மூன்று வயது மூத்தவர்! சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து மெல்லச் சொன்னார்: "அண்ணே, என் வயசு கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா போதும், எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம்."

இந்தத் தொழிலில் எழுதுவது பாதி, விழுங்குவது மீதி. நான் உங்களிடம் சொன்னதை நீங்களும் அப்படியே விழுங்கிவிடுங்கள்.