பரஸ்தானம் போன ஜீப்

எங்கள் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், ஜீப் வைத்திருந்தார் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் என்னைப் பெரிய இடத்துப் பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்த ஜீப்பில் ஒரே ஒரு தடவை காவேரிக்கரை அம்மா மண்டபம் வரைக்கும் போய்விட்டு வந்திருந்தால் அந்த நினைப்பு இடுப்பு வலியோடு சேர்ந்து இறங்கியிருக்கும்.

பட்டாளத்தார் வேண்டாம் என்று கழித்துப்போட்ட வண்டி அது. ஐம்பதுகளில் ஏலத்தில் எடுத்தார். பட்டாளத்தாருக்கே வேண்டாம் என்றால் ஸ்ரீரங்கத்தில் யாருக்கு வேண்டும் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. அதன் பெட்ரோல் இஞ்சின் எப்போதோ உயிரை விட்டிருந்தது. பாலக்கரையில் ஒரு மெக்கானிக் எங்கிருந்தோ கழற்றிய டீசல் இஞ்சினை அதற்குள் திணித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அது வடக்குச் சித்திரை வீதியில் கிளம்பினால் தெற்குச் சித்திரை வீதியில் தொட்டில் குழந்தைகள் எழுந்து அழும். சத்தம்தான் அவ்வளவு, வேகம் கிடையாது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போவார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் சைக்கிளை மெதுவாக்கி, "சாமி, எறங்கித் தள்ளட்டுங்களா?" என்று கேட்டார். அத்திம்பேர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, "வேண்டாம்ப்பா, க்ஷேமமா போயிட்டு வா" என்று கை காட்டினார். நான் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன்.

அத்திம்பேருக்கு உத்தியோகம் கிடையாது. ஜீயபுரத்தில் அவர் அப்பா விட்டுப்போன வாழைத் தோட்டம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குடியானவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொள்வதைப் பார்த்துக்கொள்வது அத்திம்பேரின் வேலை. நெற்றியில் பளிச்சென்று திருமண், இடுப்பில் பஞ்சகச்சம், மேலே காக்கிச் சட்டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இந்தக் கோலத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால், பர்மாவைப் பிடித்துவிட்டுத் திரும்புகிறவர் என்று தமக்கே ஒரு நினைப்பு. யுத்த காலத்தில் குண்டுவீச்சு ஒத்திகைக்குச் சங்கு ஊதினால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாராம். அவரைப் பெற்றவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

வண்டி கிளம்புவது ஒரு சின்ன உற்சவம். முதலில் பஞ்சாங்கம் வரும். நல்ல வேளை எது என்று விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பார். பிறகு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பிறகு வீதியில் போகிற இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார். நல்ல வேளை முடிந்து கெட்ட வேளை பிறந்த பிறகுதான் இஞ்சின் இருமும். இருமியபின் அதை நிறுத்தக் கூடாது, மறுபடி தள்ள ஆள் கிடைக்காது. அதனால் பெரிய கடைவீதியில் அவர் வெங்காயம் பேரம் பேசி முடிக்கிற வரைக்கும் வண்டி வாசலில் நின்று புகைவிட்டுக்கொண்டிருக்கும். கடைக்கார பாய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "ஐயரே, அல்லா பேரால சொல்றேன், விலை நீங்க சொன்னதே இருக்கட்டும், வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார். தாம் பேரத்தில் கெட்டிக்காரர் என்று அத்திம்பேர் நம்பியது இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு சவாரி. அக்கா முன்னால் புளியோதரைத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பின்னால் டீசல் டின்னுக்கும் கயிற்றுச் சுருளுக்கும் நடுவில் நான். ஒருதடவை முக்கொம்புக்குக் கிளம்பினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டுக் கை அலம்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாதை நன்றாக இருக்கிற இடத்தில் அத்திம்பேருக்கு ஓட்டப் பிடிக்காது. "நாலு சக்கரமும் இழுக்கும், இதுக்கு ரோடு எதுக்கு?" என்று ஆற்று மணலில் இறக்கினார். நாலு சக்கரமும் இழுத்தது உண்மைதான், கீழ்ப்பக்கமாக இழுத்தது. மணலில் புதைந்த வண்டியை ஒரு ஜோடி மாடு வந்து வெளியே எடுத்தது. திரும்பும் வழியெல்லாம் தாம் ஓட்டிய சாமர்த்தியத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அக்கா "ஆமாம், ஆமாம்" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு அவரைக் கண்டால் இளக்காரம். அவள் மேல்தான் கோபம். இப்படியுமா ஒருத்திக்குச் சொரணை இல்லாமல் போகும்?

நான் அந்த வீட்டில் இருந்தது வேறு போக்கிடம் இல்லாததால். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த வருஷமே அப்பா போய்விட்டார். அக்கா அழைத்து வந்து வைத்துக்கொண்டாள். அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சி கன்டோன்மென்ட்டில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பித்தேன். இன்டர்வியூவுக்குக் கார்டு வந்தது. அசல் சர்டிபிகேட்டுகள் இல்லாமல் வருகிறவர்கள் உள்ளே விடப்பட மாட்டார்கள் என்று அதில் அடிக்கோடு போட்டிருந்தது. அந்த வேலையை விட்டால் எனக்கு லால்குடி வரன்தான். இரண்டு குழந்தைகளோடு மனைவியை இழந்தவர், என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அத்திம்பேர் பார்த்து வைத்திருந்தார். "வேலை கிடைச்சா பார்ப்போம், கிடைக்கலேன்னா ஆவணியில முடிச்சுடுவோம்" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

இன்டர்வியூ வியாழக்கிழமை. கார்டைப் பார்த்ததும் அத்திம்பேர் பஞ்சாங்கத்தைத் திறந்தார்.

"வியாழக்கிழமை தெற்கே சூலம். திருச்சி தெற்கே இருக்கு. போனா காரியம் உருப்படாது."

"அத்திம்பேர், அங்கே தினமும் ஆயிரம் பேர் போயிண்டு இருக்கா."

"அதனாலதான் ஆயிரம் பேரும் அப்படியே இருக்கா" என்றார்.

பரிகாரம் அவரிடமே இருந்தது. பரஸ்தானம். பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னாலேயே ஒரு நல்ல வேளையில் பயணம் போகிறவருடைய சாமான் எதையாவது வீட்டை விட்டு வெளியே அனுப்பி வேறு இடத்தில் வைத்துவிடுவது. அப்படி வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே தொடங்கியதாகக் கணக்கு. சாதாரணமாக ஜனங்கள் ஒரு துண்டையோ சொம்பையோ அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். அத்திம்பேருக்கு அடுத்த வீடு போதாது. வாசலில் ஜீப் நிற்கிறதே! புதன்கிழமை காலையில் என் சர்டிபிகேட் பையை ஜீப்பில் வைத்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டி ஜீயபுரத்துக்குப் போவார். ராத்திரி குடியானவர் வீட்டில் தங்குவார். வியாழக்கிழமை நேராகக் கன்டோன்மென்ட் வந்து ஆபீஸ் வாசலில் பையை என் கையில் கொடுப்பார். நான் பஸ்ஸில் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியது.

"என் சர்டிபிகேட் எதுக்கு? வேற எதையாவது கொண்டுபோங்கோளேன்" என்று கெஞ்சினேன்.

"எந்தக் காரியத்துக்குப் போறியோ அந்த வஸ்து போகணும். அசடு மாதிரி பேசாதே."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்ப் பையை நன்றாகக் கட்டி, குங்குமம் வைத்து, அவர் கையில் கொடுத்தாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அத்திம்பேர் பையை இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்தார். அது விழாமல் இருக்கக் கயிற்றால் கட்டினார். வீதியில் இரண்டு பேர் தள்ளினார்கள். ஜீப் கறுப்புப் புகையை எங்கள் முகத்தில் விட்டுவிட்டு, என் தலையெழுத்தைத் தூக்கிக்கொண்டு, நடக்கிறவர்களோடு சேர்ந்து போயிற்று.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறேன். வாசலில் அத்திம்பேர் நிற்கிறார். பஞ்சகச்சத்தில் முழங்கால் வரைக்கும் சேறு, கறுப்புக் கண்ணாடியில் ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை. ஜீப் இல்லை.

"வண்டி வாய்க்கால்ல இறங்கிடுத்து" என்றார். தானாக இறங்கிக் குளித்துக்கொண்டிருப்பதைப் போலச் சொன்னார்.

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்களாம். "சாமி, ஈரமாக் கெடக்குங்க, எறக்காதீங்க" என்று குடியானவர் சொன்னாராம். நாலு சக்கரமும் இழுக்கும் என்று இவர் இறக்கினாராம். முன்பக்கம் வாய்க்காலில், பின்பக்கம் வரப்பில். இரண்டு ஜோடி மாடு கட்டியும் அசையவில்லை. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார்.

"பை எங்கே?" என்றேன்.

"வண்டியிலேயே பத்திரமா இருக்கு."

"பஸ்ல வந்தேளே, பையையும் எடுத்துண்டு வந்திருக்கலாமோல்லியோ?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பரஸ்தானம் போன வஸ்துவை ஆத்துக்குத் திருப்பிக் கொண்டு வரப்படாதும்மா. கொண்டு வந்தா பயணமே ரத்துன்னு அர்த்தம். அதுகூடத் தெரியாதா உனக்கு?"

எனக்கு அந்தக் கணத்தில் வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது. பை இருக்கிற இடத்திலிருந்து பஸ்ஸில் ஏறியிருக்கிறார். அந்த பஸ் கன்டோன்மென்ட் வழியாகத்தான் வந்திருக்கிறது. என் ஆபீஸ் வாசலைத் தாண்டி, வெறுங்கையை வீசிக்கொண்டு, சாஸ்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார்! "நாசமாப் போச்சு! என் வாழ்க்கை நாசமாப் போச்சு!" என்று வீதி கேட்கக் கத்தினேன். லால்குடிக்காரரின் முகம் கண் முன்னால் வந்தது. இனிமேல் ஜீயபுரம் போய்த் திரும்பினால் மத்தியானம் ஆகிவிடும். பத்து மணிக்கு இன்டர்வியூ.

"எல்லாம் பெருமாள் பார்த்துப்பார்" என்று சொல்லிவிட்டு அத்திம்பேர் கிணற்றடிக்குத் தீர்த்தமாடப் போனார்.

அக்கா அதுவரைக்கும் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தாள். அடுக்களைக்குள் போய் அரிசி டின்னைத் திறந்தாள். முழங்கை வரைக்கும் கையை விட்டு, பழைய துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்தாள். அரிசியைத் தட்டிவிட்டுப் பிரித்தாள். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், கண்டக்ட் சர்டிபிகேட், டைப்ரைட்டிங் பாஸ் செய்த காகிதம், எல்லாம் இருந்தன. ஒன்றில்கூட மடிப்பு விழவில்லை.

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். "அப்போ பையிலே?"

"போன வருஷத்துப் பஞ்சாங்கம் ரெண்டு. மூஞ்சியை அலம்பிண்டு வா. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு, அழுத பொண்ணுக்கு வேலை குடுக்க மாட்டா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் காவேரிப் பாலத்தைக் கடந்து மெயின்கார்டு கேட் வழியாகப் போனது. ஒரு வண்டி இவ்வளவு வேகமாகப் போகும் என்பதையே அத்திம்பேரின் ஜீப்பில் போய்ப் போய் நான் மறந்துபோயிருந்தேன். நேரத்துக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். சர்டிபிகேட்டைப் புரட்டிய ஒருவர், "என்னம்மா இது, அரிசி கொட்டுது?" என்றார். "வீட்டில் அது ஒண்ணுதான் பத்திரமான இடம் சார்" என்றேன். மூவரும் சிரித்தார்கள். இங்கிலீஷில் ஒரு பத்தி படிக்கச் சொன்னார்கள், ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் எண்களைத் தெளிவாகச் சொல்லச் சொன்னார்கள். குரல் நன்றாக எழும்புகிறதே என்றார்கள். எழும்பாதா? ஜீப் சத்தத்துக்கு மேலே கத்தி வளர்ந்த குரல்.

ஜீப்பை வெளியே எடுக்க நான்கு நாள் ஆனது. பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அத்திம்பேர் குழம்பிப்போய் வந்தார். "என்னடீ இது, பஞ்சாங்கம்னா இருக்கு?" என்றார்.

"பரஸ்தானத்துக்குப் பஞ்சாங்கத்தைவிட உசத்தியா எதை வைக்கிறது, ஏன்னா?" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அதுவும் சரிதான்" என்றார்.

ஆர்டர் வந்த அன்றைக்கு அத்திம்பேர் நாலு சித்திரை வீதியும் ஜீப்பில் சுற்றிச் சர்க்கரைப்பொங்கல் விநியோகம் செய்தார். சூலத்தைத் தாம் எப்படி முறியடித்தார், பரஸ்தானம் எப்படிப் பலித்தது என்று வீடு வீடாகச் சொன்னார். பயணம் போனவள் அல்ல, வாய்க்காலில் கிடந்த பைதான் அந்த வேலையை வாங்கித் தந்ததாம். கேட்டவர்கள் நம்பினார்கள். லால்குடி வரனுக்குக்கூட, "பொண்ணு உத்தியோகத்துக்குப் போறது, எங்க ஜீப் ராசி" என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் கொதித்தது. நேராக அடுக்களைக்குப் போனேன்.

"எப்படிக்கா இத்தனை வருஷமா இதையெல்லாம் கேட்டுண்டு ஆமாம் ஆமாம்னு உட்கார்ந்திருக்கே? உனக்கு வாயே கிடையாதா? அன்னிக்கு மட்டும் அதை எடுத்து ஒளிச்சு வைக்கணும்னு எப்படித் தோணித்து?"

அக்கா அடுப்பிலிருந்து உருளியை இறக்கினாள். வாசலில் ஜீப் புகைவிட்டுக்கொண்டு நின்றது. அதன் இரைச்சலுக்கு நடுவில், அவர் காதில் விழாது என்ற நிச்சயத்தோடு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

"கல்யாணமான மறு மாசம் டீச்சர் டிரெயினிங்ல சேரணும்னு என்னோட எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்தை அவர் கையிலதான் குடுத்தேன். நல்ல நாள் பார்த்துக் கொண்டுபோய்க் குடுக்கறேன்னார். இன்னும் பார்த்துண்டிருக்கார்."