காலிக் கூடையோடு ஒரு நடை

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும் மதாம் இவெத் தினமும் பகல் ஒரு மணிக்கு வெறுங்கையோடு கிளம்புவார். கால்வாய்ப் பாலம் வரைக்கும் நடப்பார். பாலம் வந்ததும் அப்படியே திரும்பிவிடுவார். பாரிஸுக்கு வெளியே இந்த ஊருக்கு வந்த புதிதில் சன்னல் வழியாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மண்டை காய்ந்தது. பாலத்தில் யாரையும் பார்க்கவில்லை, எதையும் வாங்கவில்லை. ஒரு மனுஷி போய்வருவதற்குக் காரணம் என்று ஒன்று வேண்டாமா?

இரண்டு வருடம் கழித்து அதே வேலை எனக்கும் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, தினம் அரை மணி நேரம் நடக்காவிட்டால் ஊசிதான் என்றார் டாக்டர். ஊசிக்கு நான் பயப்படவில்லை. அம்மாவின் கால்தான் கண்முன் வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. அதன்பின் அம்மாவே இல்லை. அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. இங்கே என் மகளுக்கு ஒன்பது வயது. அவளையும் அப்படி நடுவில் விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்றுதான் பயம்.

மறுநாளே கிளம்பினேன், கையில் ஒயர் கூடையோடு. திண்டிவனத்தில் வளர்ந்தவளுக்குக் கூடையோ பையோ இல்லாமல் தெருவில் இறங்க வராது. நாலு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. படியில் எதிர்ப்பட்ட மதாம் கூடையைப் பார்த்துவிட்டு, இன்று கடைகள் மூடியிருக்குமே என்று அக்கறையாகச் சொன்னார். நடக்கத்தான் போகிறேன் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியும். கூச்சம் வாயை அடைத்துவிட்டது. "மெர்சி, மதாம்" என்று நன்றி சொல்லிவிட்டு மறுபடி மாடி ஏறினேன். அத்தோடு என் உடற்பயிற்சி முடிந்தது. கூடை ஆணியில் தொங்கியது.

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டிவி ஆண்டெனா முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. அந்தக் கோடையில் மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சொந்த ஊரில் என்ன கூச்சம் என்று ஒரு சாயங்காலம் மதாம் மாதிரியே வெறுங்கையை வீசிக்கொண்டு மயிலம் ரோட்டில் நடந்தேன். அங்கேதான் புத்தி பிசகியது. வேர்க்கடலையை எங்கள் ஊரில் மல்லாட்டை என்போம். மல்லாட்டை மண்டியில் வேலை செய்யும் தெருக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்றார். சும்மா என்றேன். கையில் ஒரு பைகூட இல்லாமல் ரோட்டோடு போகிற கல்யாணமான பெண் சும்மா என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் போய்ச் சொல்லி, கால் மணி நேரத்தில் அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"வூட்ல யாரு இன்னா சொன்னாங்கன்னு இப்பிடி கெளம்பிட்ட? எதுனாலும் எங்கிட்ட சொல்லிக்கினு போவக்கூடாதா?"

சக்கரைக்காக நடக்கிறேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கேரியரில் உட்காரவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். போகிற வழியெல்லாம் தெரு எங்களைப் பார்த்தது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அண்ணி சிரிக்கவில்லை. அம்மாவின் காலுக்குத் தினமும் கட்டு மாற்றியவர் அவர். மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்குத் தான் பின்னிய ரோஜா நிறக் கூடையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத்தப் புடிச்சிக்கோ, ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நானும் வர்றேன். சக்கரை எனக்கு மட்டும் வராதா?"

ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பார்த்த படங்கள், மாமியார் கதைகள், பிள்ளைகளின் படிப்பு என்று வாய் ஓயாமல் மயிலம் ரோட்டில் போவோம். வறுத்த மல்லாட்டையைக் கொறித்துக்கொண்டே திரும்புவோம். நடக்கிறோம் என்பதே மறந்துவிடும். லீவு முடிவதற்குள் அண்ணி அதே நிறத்தில் இன்னொரு கூடை பின்னி என் பெட்டியில் வைத்தார். அங்கே நீ நட, இங்கே நான் நடக்கிறேன், யார் முதலில் நிறுத்துகிறார்கள் பார்ப்போம் என்றார்.

திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதாம் மறுபடியும் கடை மூடியிருக்கும் என்றார். தெரியும், நடக்கத்தான் போகிறேன் என்றேன். அப்படியானால் கூடை எதற்கு என்று கேட்டார். கை சும்மா இருந்தால் எனக்குக் கால் நகராது என்று உடைந்த பிரெஞ்சில் சொல்லிவைத்தேன். மதாம் அன்று மழைக்காக எடுத்து வந்திருந்த தன் குடையை என் கூடையில் போட்டுவிட்டுக் கூடவே நடந்தார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் பாலம் வரை ஒரே பாதை. அவர் தன் மருமகளைத் திட்டுவது இப்போது எனக்கு முக்கால்வாசி புரிகிறது. போன மாதம் டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, ஊசி வேண்டாம், இப்படியே நடங்கள் என்றார். வீட்டுக்கு வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இங்கே ஒரு மணி அடிக்கும்போது குளிர்காலத்தில் திண்டிவனத்தில் ஐந்தரை. நேற்று அண்ணியின் ஏரோகிராம் வந்தது. தினமும் தனியாக நடக்கிறாராம். உன் நாத்தனார் எங்கே என்று அந்த மண்டிக்காரர் இன்னும் கேட்கிறாராம். அதற்கு அவர் சொல்லும் பதிலையும் அப்படியே எழுதியிருந்தார்: "தோ, பின்னால வந்துகினு இருக்கா."

இன்று பாலத்துக்குப் போகும் வழியில் அது நினைவுக்கு வந்தது. கூடையைக் கை மாற்றிக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன். ஏன் இந்த அவசரம் என்று மதாம் கேட்டார். அண்ணி முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்றேன்.