பீரோவுக்குள் ஒரு நிமிடம்

இங்கிலீஷ் மேடம் பிள்ளைகளைப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டுகிறார் என்ற செய்தி கல்லூரி கேன்டீனில் பிறந்தது. அலுவலகத்தில் அதற்குக் கை கால் முளைத்தது. முதல்வர் அறைக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பீரோவுக்குள் ஒரு பெண் மயங்கியும் விழுந்திருந்தாள்.

விசாரித்துப் பார்த்தால் பீரோ உண்மை. பிள்ளைகள் உள்ளே போவதும் உண்மை, ஆனால் பாதி உடம்புதான். பூட்டுதான் கட்டுக்கதை. அதன் சாவி தொலைந்து வெகுகாலம் ஆகிறது.

மேடமும் வருஷக்கணக்கில் நோட்ஸ் சொல்லி மார்க் போட்டவர்தான். அப்படிப் பாஸான பிள்ளைகள், அவரைத் தெருவில் கண்டால் இங்கிலீஷில் பேச வேண்டி வருமோ என்று சந்து மாறிப் போனார்கள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தப் பருவத்தில் நோட்ஸை மூடிவைத்துவிட்டு ஒரு வேலை கொடுத்தார்: பெரிய மருத்துவமனைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு இங்கிலீஷில் வழி சொல்ல வேண்டும். பிள்ளைகளே போய் விசாரித்து, எழுதி, செல்போனில் பேசிப் பதிய வேண்டும். மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அவர்கள் குரல் கேட்கும்.

வகுப்பறையிலோ ஒரே எதிரொலி. ஆன்லைன் வகுப்புக் காலத்தில் துணி பீரோவுக்குள் தலையை விட்டுப் பாடம் நடத்திய அனுபவம் மேடத்துக்குக் கைகொடுத்தது. ("பீரோகிட்ட மணிக்கணக்கா பேசுற, எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசக்கூடாதா?" என்று கணவர் அப்போது அங்கலாய்த்ததுண்டு.) எதிரொலியை அடக்க, பழைய மேடைத் திரைகளை வகுப்பறை பீரோவில் தொங்கவிட்டார். ஸ்டூடியோ தயார்! சட்டம் ஒன்றே ஒன்று: பதிவு நடக்கும்போது வகுப்பறைக் கதவைத் திறந்து கெடுப்பவர், யாரானாலும், ஒரு நிமிடம் இங்கிலீஷில் பேசிப் பதிய வேண்டும்.

அன்று பீரோவில் இருந்தவள் 'மியூட்'. வகுப்பில் வாயே திறக்காததால் தோழிகள் வைத்த பெயர். திணறித் திணறி, ஒருவழியாகப் பிசகில்லாமல் கடைசி வரிக்கு வந்துவிட்டாள். வகுப்பறைக் கதவு படாரென்று திறந்தது. முதல்வர்.

"எங்க மேடம் அந்தப் பொண்ணு? மயக்கம் தெளிஞ்சுதா?"

மேடம் பீரோவை மறைத்து நின்றார். வளாகத்தில் செல்போனுக்குத் தடை. முதல்வர் ஒரு வார்த்தை சொன்னால் மொத்த உழைப்பும் போச்சு. மேடம் பதில் சொல்வதற்குள் திரை விலகி ஒரு தலை எட்டிப் பார்த்தது. யார் வந்தார்கள் என்று கவனிக்காமலே, கோபத்தில், கடகடவென்று இங்கிலீஷில் பொரிந்தது: யாரோ கதவைத் திறந்து தன் பதிவைக் கெடுத்துவிட்டார்களாம், ஒன்று உள்ளே வர வேண்டுமாம், இல்லை வெளியே போக வேண்டுமாம்.

"அடிப்பாவி, இவளா மியூட்டு!" என்றது பின்வரிசை.

முதல்வர் உள்ளே வந்து சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். அவள் எக்ஸ்ரே அறைக்கான வழியை முதலிலிருந்து பேசி முடிக்கும்வரை அசையவில்லை.

"போன வாரம் எக்ஸ்ரே ரூம் தெரியாம நானே அந்த ஆஸ்பத்திரியில சுத்தோ சுத்துன்னு சுத்தினேன்," என்றார். "போன் இருக்கட்டும் மேடம். நடத்துங்க."

க்யூஆர் கோடு ஒட்டிய மறுநாள், மேடம் எந்த நோயும் இல்லாமல் மருத்துவமனைக்குப் போனார். ஒரு வெளியூர்க்காரர் போனைக் காதில் வைத்துக் கேட்டார். மியூட்டின் குரல் சொன்னபடி இடப்பக்கம் திரும்பினார், எக்ஸ்ரே அறையைச் சேர்ந்தார். மேடமும் ஸ்கேன் செய்து கேட்டார், மறுபடியும் கேட்டார்.

"என்னம்மா, வழி தெரியலையா?" என்றார் நர்ஸ்.

"தெரியும். பேசுறது எங்க பொண்ணு, அதான்."

இப்போது சந்து மாறிப் போவது முதல்வர்தான். மியூட் விடுவதில்லை.

"சார், உங்க ஒரு நிமிஷம் இன்னும் பாக்கி!"

"மீட்டிங் இருக்கும்மா. நாளைக்குப் பார்க்கலாம்."