லோடு ஆட்டோவில் யாரும் ஏறவில்லை

மின்சார சைக்கிளில் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரையைச் சுற்றிக் காட்டும் தொழிலில் சைக்கிளைப் பழக்குவது அரை மணி நேர வேலை. குடும்பத்தைப் பழக்கத்தான் ஆயுசு போதாது. குடும்பத்தோடு எங்காவது கிளம்பிப் போய் முழுசாகத் திரும்பி வந்த புண்ணியவான்கள் நீங்கள். உங்களிடம் சொல்லி அழாமல் வேறு யாரிடம் சொல்லி அழ?

நான் சங்கரி. தச்சநல்லூரில் ஒரு சைக்கிள் கடையில் பத்தொன்பது வருடம் பில் போட்டேன். கவுன்டருக்கு எதிரே ஒரு சுவர், சுவரில் ஒரு காலண்டர். வருடா வருடம் காலண்டர் மாறும், சுவர் மாறாது. எங்கள் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் யார் பேச்சையோ கேட்டுப் பத்து மின்சார சைக்கிளை வாங்கி வரிசையாக நிறுத்தினார். வந்தவர்கள் சீட்டை அமுக்கிப் பார்த்தார்கள். "நடுவழியில சார்ஜ் எறங்கிட்டா உருட்டிட்டா வரணும்?" என்று கேட்டார்கள். சாதா சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் நான் தூசி தட்டினதுதான் மிச்சம். அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "விக்கலைன்னா ஓட்டுவோம் அண்ணாச்சி. திருச்செந்தூர்லேர்ந்து மணப்பாடு வரைக்கும் கடலோரமா, குடும்பம் குடும்பமா நான் கூட்டிட்டுப் போறேன்."

அண்ணாச்சி ரெண்டு நாள் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். கோடை லீவில் ஆறு ஞாயிற்றுக்கிழமை. ஆபத்து அவசரத்துக்குப் பின்னாலேயே ஒரு லோடு ஆட்டோ வரும். ஆனால் பாதி வழியில் ஒரே ஒரு ஆள் அதில் ஏறிவிட்டாலும் அன்றோடு சரி. சைக்கிள்களை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார், நான் பழையபடி கவுன்டருக்கு. "நம்ம கடை சைக்கிள் நடுவழியில நிக்கும்னு ஒருத்தன் சொல்லிட்டாம்னா, நாளைக்கு சாதா சைக்கிளக்கூட எவனும் தொடமாட்டான்" என்றார். அதுவும் நியாயம்தான்.

லோடு ஆட்டோ ஓட்டும் இசக்கியண்ணன் நல்ல மனுசர். கஷ்டமே அதுதான். யாராவது கொஞ்சம் மூச்சு வாங்கினால் அவருக்குப் பொறுக்காது. பக்கத்தில் வந்து பைய நிறுத்தி, "ஏறுதியளா?" என்பார். கேட்காதீர்கள் என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் அவர் வாய் சும்மா இருக்காது.

கைப்பிடியில் கட்டிய பூ

முதல் வாரம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் சம்சாரம், ரெண்டு மகள்கள், ஒரு மருமகன். பூஜை போடாமல் எந்த வண்டியிலும் அந்த அம்மா ஏறமாட்டாராம். ஐந்து சைக்கிளுக்கும் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கைப்பிடியில் பிச்சிப்பூச் சரம். சூடம் காட்டி, பழத்தை நசுக்கிக்கொண்டு ஜோராகக் கிளம்பினார்கள். பழத்தைத் தாண்டியதோடு சரி, ஐந்து மோட்டாரில் ஒன்றுகூட ஓடவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் வாரம், முதல் நூறு அடி. பாட்டரியைக் கழற்றி மாட்டினேன், வயரை அசைத்துப் பார்த்தேன். சகுனம் சரியில்லை என்று ஹெட் கிளார்க் முணுமுணுத்தார். இசக்கியண்ணன் வந்து "ஏறுதியளா?" என்று கேட்டேவிட்டார். அந்த அம்மா ஆட்டோவை ஒரு பார்வை பார்த்த நேரத்தில்தான் என் கண்ணில் பூ பட்டது. இந்த சைக்கிளில் பிரேக்கை லேசாகத் தொட்டாலே மோட்டார் நின்றுவிடும். ஓட்டுகிறவர் நிறுத்தப் போகிறார் என்று அதுவாக முடிவு கட்டிக்கொள்ளும். இவர்கள் கைப்பிடியோடு பிரேக்கையும் சேர்த்து இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். சாமிக்குக் கட்டின பூவில் கை வைக்கச் சொன்னால் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா ஐந்து சரத்தையும் நிதானமாக அவிழ்த்து, மகள்கள் தலையில் ஒவ்வொன்றும் தன் தலையில் மூன்றுமாக வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். மோட்டார் ஓடியது. போகிற போக்கில் என்னைப் பார்த்து அவர் சொன்னது: "பூவு தலையிலதான் இருக்கணும்னு முன்னாலயே சொன்னா என்னம்மா? நாங்க மாட்டோம்னா சொல்லப் போறோம்?"

பின்னால் உட்கார்ந்த மாப்பிள்ளை

ரெண்டாவது வாரம் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், சம்சாரத்தையும் எட்டாவது படிக்கிற மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். துபாயில் வேலை, ஒரு மாத லீவு. அங்கே தான் ஓட்டுகிற காரைப் பற்றிக் கால் மணி நேரம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். விழுந்தார். ஏறினார். விழுந்தார். பைக், கார் என்று போய்விட்ட ஆண்களுக்கு சைக்கிள் மறந்து போகிறது. ஆறு வாரமும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பெண்களுக்கு மறப்பதில்லை. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிளை மிதித்தே பள்ளிக்கூடம் போனவர்கள் அவர்கள். இவர் சம்சாரமும் பர்தா சங்கிலியில் மாட்டாமல் கிளிப் போட்டு ஒதுக்கிக்கொண்டு, ஏறி, அந்த இடத்தை ரெண்டு சுற்றுச் சுற்றி வந்து நின்றார். அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே துபாய் மாப்பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்யாணமாகிப் பதினைந்து வருடம்.

நாலாவது தடவை விழுந்து எழுந்தவர், முழங்காலைத் தட்டிக்கொண்டு ஆட்டோவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். என் கண் முன்னால் அந்தச் சுவரும் காலண்டரும் வந்து நின்றன. அவர் சம்சாரம் முந்திக்கொண்டார். சைக்கிளை அவருக்குக் குறுக்கே கொண்டு போய் நிறுத்தி, பின்னால் இருந்த கேரியரைக் கையால் தட்டிக் காட்டினார். மாப்பிள்ளை அங்கே இங்கே பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆலந்தலையில் மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏலத்தை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். முதலில் தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தார். கடல் காற்று முகத்தில் அடிக்க அடிக்க நிமிர்ந்துவிட்டார். பிறகு போனை எடுத்து, துபாயில் இருக்கும் தன் காக்காவைக் கூப்பிட்டார். அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். கடலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டி அவர் சொன்னதை நான் காதாரக் கேட்டேன்: "ஊருக்கு வந்தா நான் வண்டியத் தொடுறதில்ல காக்கா. இங்கன எனக்கு டிரைவர் உண்டு."

ஏறியது ஒன்றே ஒன்று

மூன்றாவது வாரம் டவுனிலிருந்து ஒரு வாத்தியார் குடும்பம், ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்து அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டில் ஒரு சடங்கு வீட்டுப் பந்தியையே முடித்திருக்கலாம். மிளகாய்ப்பொடி தடவின இட்லி ஒரு தூக்கு, புளியோதரை ஒரு தூக்கு, தயிர்ச்சோறு ஒரு தூக்கு. கூடையில் வைத்தால் சைக்கிள் நேராகப் போக மாட்டேன் என்கிறது. ஆள் ஏறக்கூடாது என்றுதானே அண்ணாச்சி சொன்னார், சோறு ஏறலாம் என்று நானே சட்டம் பார்த்து எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றினேன். குலசேகரன்பட்டினத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து இட்லித் தூக்கைத் திறந்தால், மேல் அடுக்கு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. எல்லோரும் இசக்கியண்ணனைப் பார்த்தோம். மனுசர் கொஞ்சமும் கூசவில்லை. "வழி முச்சூடும் ஏறுதியளா ஏறுதியளான்னு கேட்டுட்டு வாரேன். ஏறினது இட்லி மட்டுந்தான். அதையும் கவனிக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

முதுகில் ஒரு கை

ஐந்தாவது வாரம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஓர் அக்காவும் ரெண்டு தம்பிகளும். தம்பிகள் ரெண்டு பேரும் வாழை போடுகிறவர்கள். வரப்புத் தகராறில் நாலு வருடமாக அவர்களுக்குள் பேச்சில்லை. எப்படியாவது பேச வைக்க வேண்டும் என்று அக்காதான் ஒருவனுக்குத் தெரியாமல் இன்னொருவனை வரவழைத்திருந்தார். அவர்கள் பேசவில்லை, பந்தயம் விட்டார்கள். ஐந்து வேகத்தில் ஐந்தாவதை வைத்துக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே முந்தினார்கள். பாட்டரி தாங்காது, தாங்காது என்று நான் கத்தினது காற்றோடு போயிற்று. குலசேகரன்பட்டினம் தாண்டியதும் மூத்தவர் பாட்டரி சுத்தமாகத் தீர்ந்தது. இன்னும் ஐந்து கிலோமீட்டர், எதிர்க்காற்று. மனுசருக்கு ஐம்பது வயது, மூச்சு இரைக்கிறது.

இசக்கியண்ணன் இந்தத் தடவை கேட்கக்கூட இல்லை, பின்கதவையே திறந்துவிட்டார். நாலு வாரம் கட்டிக் காப்பாற்றினது இங்கே போகப்போகிறது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. தூரத்தில் போய்க்கொண்டிருந்த இளையவர் நின்றார், திரும்பி வந்தார். அண்ணன் பக்கத்தில் ஒட்டி நின்று, இடது கையை அவர் முதுகில் வைத்து, தன் மோட்டார் பலத்தில் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துக்கு இவனுக இப்படித்தான் போவானுக என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணப்பாடு வரை அந்தக் கை இறங்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் அக்கா ஆசையோடு, "பேசினியளாலே?" என்று கேட்டார். இளையவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டே சொன்னார்: "பேசதுக்கு என்ன கெடக்கு? தள்ளணும்னா தள்ளுதேன்."

சூப்பர்வைசர்

ஆறாவது ஞாயிறு அண்ணாச்சியே வந்துவிட்டார். அவர் சம்சாரமும் மகளும் சைக்கிளில். அவர் இசக்கியண்ணன் பக்கத்தில் ஆட்டோவில். சைக்கிள் விற்க ஆரம்பித்து முப்பது வருடம், சைக்கிள் ஓட்டி இருபது வருடம் ஆகியிருக்கும். "ஆட்டோவுல ஒருத்தரும் ஏறக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டு, நீங்க ஏறிக்கிட்டியளே?" என்றார் மதினி, அண்ணாச்சி சம்சாரத்தை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். "நான் சூப்பர்வைசர்" என்றார் அண்ணாச்சி. வழியெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி, எவளாவது மூச்சு வாங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டே வந்தார். மதினி வாங்கவில்லை. மகளும் வாங்கவில்லை. எனக்குத்தான் பதற்றத்தில் மூச்சு வாங்கியது, அதை அடக்கிக்கொண்டேன்.

குலசேகரன்பட்டினம் தாண்டினதும் பனைமரத்தடியில் ஒருத்தர் பதனி விற்றுக்கொண்டிருந்தார். பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம் என்று அண்ணாச்சி ஆட்டோவை ஓரம்கட்டச் சொன்னார். கடற்கரை மணல் தார் ரோட்டு விளிம்பு வரை கிடக்கும் இடம் அது. பதனியைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தால், பின்சக்கரம் ரெண்டும் சுற்றிச் சுற்றி அச்சு வரை புதைந்துவிட்டன. எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். தள்ளத் தள்ள இன்னும் இறங்கியது. "பஸ்ஸு வரும்லா?" என்றார் அண்ணாச்சி. மதினி விடவில்லை. "சைக்கிள் கடைக்காரரு பஸ்ல வந்து எறங்கினா நாலு பேரு சிரிக்க மாட்டாவளா?"

நான் என் சைக்கிளைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினேன். ஆறு வாரமாக இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது. இப்போது அதைச் சொல்ல என் வாய்க்கு அவ்வளவு ருசியாக இருந்தது: "ஏறுதியளா, அண்ணாச்சி?"

ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் மதினிக்குப் பின்னால் கேரியரில் உட்கார்ந்தேன். நாலு முழம் ஆட்டம், பிறகு நேராகிவிட்டார். ஆனால் அவர் சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். பழைய பழக்கம், ரெண்டு விரலையும் பிரேக் மேலேயே வைத்திருக்கிறார். மோட்டார் ஒரு நொடிகூட ஓடவில்லை. அரிசி மூடை கனத்துக்கு இருக்கும் அந்த சைக்கிளை, எதிர்க்காற்றில், வெறும் காலால் மிதித்துக்கொண்டு போகிறார். பாதியில் இறங்கி, "என்னட்டி மோட்டார் இது?" என்று கேட்டாரானால் ஆறு வாரப் பாடும் வீண். "விரல எடுக்கச் சொல்லட்டுமா மதினி?" என்று காதில் கேட்டேன். "சொல்லிராத. அந்த மனுசன் கால அசைச்சுப் பத்து வருசம் ஆச்சு" என்றார் மதினி.

மணப்பாட்டில் குன்றின் அடியில், கடல் தெரிகிற இடத்தில் அண்ணாச்சி இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.  சைக்கிள் சீட்டை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அருமையான மோட்டார், சங்கரி. சத்தமே கேக்கல, நான் ஒண்ணுமே செய்யல, அதுபாட்டுக்குக் கொண்டாந்து விடுது. அடுத்த ஞாயித்துக்கெழம நானும் வாரேன், கவுன்டருக்கு வேற ஆளப் பாரு."

சீசன் நன்றாகவே ஓடுகிறது, பத்து சைக்கிளில் ஒன்பதுக்கு மட்டும்தான் நான் சார்ஜ் போடுகிறேன், அண்ணாச்சி ஓட்டுகிற பத்தாவதுக்கு இதுவரை தேவைப்படவில்லை.