வேறொரு இடத்தில் விளையாடப்படுகிறது

லுஹர் தொழுதுவிட்டு மாமி கண்ணயர்கிற நேரம்தான் எனக்கு வாய்க்கும். அன்றைக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் லெப்டொப்பைத் திறந்தேன். காற்று அடங்கிப் போயிருந்தது. மதிலோரம் இரண்டு கழுதைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. அவருடைய லொறி விளையாட்டைத் திறக்க அமத்தினேன். திறக்கவில்லை. நடுவில் ஒரு பெட்டி வந்தது. இந்தக் கணக்கு இப்போது வேறொரு கொம்பியூட்டரில் விளையாடப்படுகிறது. இங்கே தொடங்கினால் அங்கே நின்றுவிடும். தொடரவா, வேண்டாமா?

அது என் புருஷனுடைய கணக்கு. கடலுக்குப் போய் மாதக்கணக்காகியும் திரும்பி வராத என் புருஷனுடைய கணக்கு.

யா அல்லாஹ்! சத்தம் போட்டால் மாமி எழும்பிவிடுவா என்று சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். கற்பிட்டியில் எங்கள் வீட்டிலிருந்து வள்ளத்தடிக்கு நடந்தே போய்விடலாம். வழமையாகக் கூடப் போகிறவருக்கு அன்று காய்ச்சல். "ஒத்தையில போகாதீங்க" என்றேன். "நண்டு வலைதானே புள்ள, அசர் தொழுகைக்கு முந்தி வந்திருவன்" என்றார். மறுநாள் குதிரைமலைப் பக்கம் வள்ளம் மட்டும் மிதந்துகொண்டிருந்ததாம். இஞ்சின் நிறுத்தியிருந்தது. வலை மடித்தபடி இருந்தது. நான் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலைப் பிரிக்கக்கூட இல்லை. கடலும் அன்றைக்குக் குளம் மாதிரிக் கிடந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

மௌத்தாகி உடல்கூடக் கிடைக்காதவருக்கு காயிப் ஜனாஸா தொழலாம். ஆள் இல்லாமலேயே பள்ளியில் நின்று அவருக்காகத் தொழுகிற தொழுகை அது. மாமி அதற்குத்தான் தவித்துக்கொண்டிருந்தா. "என்ட புள்ள தொழுகையும் இல்லாம, மண்ணும் இல்லாமக் கிடக்கான்" என்று சோற்றில் கையை வைத்தபடியே அழுவா. பள்ளி நிர்வாகத்து ஆட்களும் வந்து கேட்டார்கள். ஆனால் என் வாய்ச்சொல் வேண்டுமாம். எங்கள் பக்கத்து ஆட்கள் அக்கரையில், இந்தியாவில் பிடிபட்டு, காற்றில் அள்ளுண்டு, பிறகு வந்து சேர்ந்த கதைகளும் உண்டுதானே. தொழுதால் நான் வெள்ளை உடுத்து, விதவையாக நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தாவில் இருக்கவேண்டும். "அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாமியின் முகத்தை அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

அவருக்கு இந்த விளையாட்டுப் பித்து கலியாணத்துக்கு முந்தியே இருந்தது. முதல் சிடி வாங்கியது தலவில கோயில் திருநாள் கடைத்தெருவிலாம். மார்க்கரால் பெயர் எழுதின கள்ளச் சிடி. அது வீடு வீடாகச் சுற்றும். கீறல் விழுந்தால் பற்பசை பூசித் துடைப்பார்கள். யார் நீ, எந்த ஊர் என்று அந்தச் சிடி யாரையும் கேட்கவில்லை. ஆனால் கள்ளச் சாமானில் பரக்கத் இருக்குமா? பூட்டு உடைத்த விளையாட்டு ஒன்றைப் போடப்போய் அதோடு வந்த வைரஸ் எங்கள் கலியாணப் படம் முழுவதையும் தின்றுவிட்டது. அன்று நான் போட்ட சத்தம் களப்பின் அந்தப் பக்கம் கரைத்தீவு வரைக்கும் கேட்டதென்று சொல்லிச் சொல்லியே என்னைப் பகிடி பண்ணுவார்.

அதற்குப் பிறகு தவ்பா செய்தவர் மாதிரி, இனி ஒன்லைன் கடையில் நேர்மையாக வாங்குவது என்று முடிவெடுத்தார். எங்கள் பேங்க் கார்ட்டை அந்தக் கடை ஏற்கவில்லை. கட்டாரில் வேலை செய்கிற அவருடைய சாச்சி மகன், மாமியின் தங்கச்சி பெற்ற பிள்ளை, தன் கார்ட்டைப் போட்டு, இவருடைய பெயரில், இவருடைய போன் நம்பரில் ஒரு கணக்குத் திறந்து லொறி விளையாட்டைப் பரிசாகக் கொடுத்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வசதிதான். உப்புக்காற்றில் பழைய லெப்டொப் துருப்பிடித்துச் செத்தபோது, புதியதில் கணக்கைத் திறந்ததும் லொறி விட்ட இடத்தில் அப்படியே நின்றது. எல்லாம் அந்தக் கடையின் சேர்வரில் பத்திரமாக இருக்குமாம். "கடலில ரோட்டும் இல்ல, கோடும் இல்ல. இதில பாரு, எங்க போகணுமெண்டு கோடு போட்டே வெச்சிருக்கான்" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோசப்படுவார்.

ஆனால் அந்தக் கடையில் நாம் எதையும் வாங்குவதில்லை, இரவல்தான் எடுக்கிறோம் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. புது இடத்தில் திறந்தால் அவருடைய போனுக்கு ஒரு கோட் அனுப்பும். அந்தப் போன் அவருடைய சட்டைப் பையில் போய்விட்டது. நான் கை தவறி ஒருமுறை வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போக ஏலாது. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான். பழைய சிடி என்றால் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருப்பேன்.

அவர் போய்க் கொஞ்ச நாளில் நான் அதைத் திறந்தது விளையாடவா? கடைசியாக அவர் கண் எதைப் பார்த்தது என்று பார்க்கத்தான். ஏதோ ஒரு துறைமுகத்தில் வெள்ளை லொறி மழையில் நின்றது. தொடவில்லை, மூடிவிட்டேன். பிறகு ஒருநாள் மனம் கேளாமல் ஓட்டிப் பார்த்தேன். எனக்கெங்கே ஓட்டத் தெரியும்! தூணில் இடித்து முன்பக்கம் நெளிந்துபோனது. அடுத்த முறை திறந்தபோது நெளிவைக் காணவில்லை. எண்ணெயும் நிறைந்திருந்தது. அதுவாகவே திருத்திக்கொள்ளுமாக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த முறை லொறி வேறு ஊரில் நின்றது. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் யோசித்தேன். வீட்டில் அதைத் தொடுகிற ஆள் என்னைத் தவிர வேறு யார்? மாமிக்கு லெப்டொப்பை மூடவும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது.

முதல் நாள் பைத்தியக்காரி மாதிரி 'தொடர்' என்பதை அமத்திவிட்டேன். லொறி நடுரோட்டில், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. ஆசனத்தில் ஒருவரும் இல்லை. அங்கே யாரோ ஓட்டிக்கொண்டிருந்ததை நான் தள்ளி விழுத்திவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தவரின் கையை நானே தட்டிவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த நாளிலிருந்து பெட்டி வந்தால் 'வேண்டாம்' என்பதை அமத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். அவர் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருக்கிறார், ஓட்டி முடிக்கட்டும் என்று காவல் இருப்பேன். வெளியே வெயில் கொளுத்தும். ஒரு காகமும் கத்தாது. தெருவில் சைக்கிள் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

அந்தக் கடைக்கு எழுதிக் கேட்டேன். எங்கிருந்து விளையாடுகிறார்கள், எந்த நாடு, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மரியாதையாகப் பதில் வந்தது. பாதுகாப்பு காரணமாகக் கணக்குக்காரரைத் தவிர வேறு யாருக்கும் விவரம் தர ஏலாதாம். கணக்கு ஒருவருக்கு மட்டுமே உரியதாம், பெண்சாதிக்கும் மாற்ற ஏலாதாம். கணக்குக்காரர் எங்கே என்பதுதானடா என் கேள்வியே! அவர்களுக்குத் தெரியும். எங்கேயோ ஒரு சேர்வரில் அது எழுதிக் கிடக்கிறது. வைக்கோல் போரில் படுத்த நாய் மாதிரி, தானும் தின்னாது, மாட்டையும் விடாது. கள்ளன் புகாமல் இருக்கப் போட்ட பூட்டு வீட்டுக்காரியை வெளியே நிறுத்திவிட்டது.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று மாமி சொல்வது பொய்யில்லை. சில நாள் ஆத்திரம் பொங்கும். உயிரோடு இருக்கிற மனிசனுக்கு லொறி ஓட்டத் தெரிகிறது, வீட்டுக்கு ஒரு கோல் எடுக்கத் தெரியாதா? வேறு எவளாவது இருக்கிறாளா? மறுநிமிடமே, தலையில் அடிபட்டு எல்லாம் மறந்து, இந்த விளையாட்டு மட்டும் ஞாபகத்தில் நிற்கிறதோ என்று அழுகை வரும். அப்புறம் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. வேண்டுமென்றே லொறியைக் கொண்டுபோய் மதிலில் இடித்து நெளித்துவிட்டு மூடுவேன். அடுத்த நாள் திறந்தால் நெளிவு திருத்தப்பட்டிருக்கும். அதுதான் எனக்கு அவருடைய ஸலாம். ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. வாயைத் திறந்தால் நின்றுபோய்விடும் என்று பயம்.

அப்படி இருக்கும்போதுதான் கட்டாரிலிருந்து அந்தச் சாச்சி மகன் லீவில் வந்தான். அவருக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி, 'நானா, நானா' என்று சொந்த அண்ணனாகவே அவரைக் கூப்பிடுகிறவன். வந்த அன்றே வீட்டுக்கு வந்து மாமிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். நான் அறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். மாமி ஜனாஸாக் கதையை எடுத்தா. "நீயாவது இவட்டச் சொல்லு மகன். என்ட புள்ளைக்கு ஒரு தொழுகையக் குடுக்கச் சொல்லு."

அவன் குனிந்தபடியே சொன்னான்.

"வேணாம் பெரியம்மா. நானா மௌத்தாகல்ல."

மாமியின் கையிலிருந்த தஸ்பீஹ் மணி கீழே விழுந்தது.

"மதினி, நீங்களும் கேளுங்க" என்று திரைப்பக்கம் திரும்பினான். "அந்த லொறி கேம் இருக்கே, அந்தக் கணக்கு என்ட லெப்டொப்பிலயும் இருக்கு. தொறந்த நாளிலேயே நானாதான் கோட் சொல்லித் தந்து, நீயும் விளையாடுடா எண்டார். நைட் டூட்டி முடிஞ்சு வந்து ஓட்டுவன். நானா போன பொறகு, அவர்ட ஞாபகத்துக்குச் சும்மா தொறந்து பாத்தன். லொறி விட்ட இடத்தில இல்ல, மதினி. ஆரோ ஓட்டியிருந்தாங்க. ஒருநாள் நான் ஓட்டிக்கிட்டு இருக்கக்குள்ளேயே, வேற இடத்தில விளையாடுறாங்க எண்டு சொல்லி என்னை வெளிய தள்ளிருச்சு."

நான் திரையை விலக்கினேன்.

"சொல்லிருந்தா நீங்க நம்ப மாட்டீங்க. நானா எங்கயோ ஒளிஞ்சிருந்தா அதையும் கெடுத்திருவனோ எண்டு பயமும். ஆனா ஒண்டு." அவன் தன் கையைத் தடவிக்கொண்டான். "அவருக்குக் கைக்கு என்னமோ ஆகிருச்சு மதினி. நானா ஒரு கீறல் படாம ஓட்டுற ஆள் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே. இப்ப ஒவ்வொரு நாளும் இடிச்சு நெளிஞ்சு கிடக்கு. ஒத்தக் கையாலதான் ஓட்டுறார் போல. அவருக்குச் சிரமமில்லாம இருக்கட்டுமெண்டு நான்தான் திருத்தி, எண்ணெய் அடிச்சு வெக்கிறன்."

அப்படியானால் இத்தனை நாளும் எனக்கு ஸலாம் சொன்னது இவன். வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஒரு நிமிடம் அந்த நினைப்பும் வந்தது. அவனாவது நம்பிக்கொண்டிருக்கட்டும், நானும் தினமும் இடிக்கிறேன், அவனும் தினமும் திருத்தட்டும், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மாமி குனிந்து தஸ்பீஹைத் தேடிக்கொண்டிருந்தா. கண்ணீரில் கண் தெரியாமல் வெறும் தரையைத் தடவிக்கொண்டிருந்தா.

"இடிச்சது நான் தம்பி" என்றேன்.

அவன் முதலில் விளங்காத மாதிரிப் பார்த்தான். பிறகு விளங்கியது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

மாமிக்கு லொறியும் தெரியாது, கணக்கும் தெரியாது. "அப்ப என்ட புள்ள?" என்று மட்டும் கேட்டா. அவன் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. மாமி எழும்பி, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் போய்விட்டா.

பள்ளிக்குச் சம்மதம் சொல்லி அனுப்பட்டுமா என்று மாமி கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு காயிப் ஜனாஸா தொழுதார்கள். ஊரே நின்றதாம். நான் வெள்ளை உடுத்தேன். கட்டார் திரும்புவதற்கு முன் அவன் மாமியிடம் சத்தியம் பண்ணிவிட்டுப் போனான், இனி அந்த விளையாட்டைத் தொடவே மாட்டேன் என்று. தன் லெப்டொப்பிலிருந்து கணக்கை அழித்தும்விட்டானாம்.

நானும் அதோடு விட்டிருக்கவேண்டும். ஆனால் மனம் ஒரு பேய் பாருங்கள். அவன் போன மறுநாள் கடைசியாக ஒருமுறை திறந்து, லொறியைக் கொண்டுபோய்த் துறைமுகத்து மதிலில் நன்றாக இடித்துவிட்டு மூடினேன். நானும் தொடமாட்டேன், அவனும் தொடமாட்டான். இனி நெளிவு நிமிர்ந்தால்?

இத்தா முழுவதும் அதுதான் நினைப்பு. ஓதும்போதும் அதுதான். லெப்டொப் அலுமாரிக்குள் இருந்தது. அந்த அலுமாரிக் கதவைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு படுப்பேன்.

இத்தா முடிந்து குளித்துவிட்டு வந்து, அதே லுஹருக்குப் பிந்திய நேரத்தில் திறந்தேன். கழுதைகள் மதிலோரம் நின்றன. பெட்டி வரவில்லை. தொடரவா, வேண்டாமா என்று ஒன்றும் கேட்கவில்லை. உடனே திறந்துவிட்டது. துறைமுகத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. லொறி மதிலோடு ஒட்டி நின்றது. முன்பக்கம் நான் நெளித்தபடியே நெளிந்திருந்தது.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. எழும்பிப் போய், தலாணியில் சாய்ந்து ஓதிக்கொண்டிருந்த மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவர் மௌத்தாயிட்டார் மாமி" என்றேன். ஊரே தொழுது முடித்து இவ்வளவு காலமாகியும் அதை என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான்.

மாமி குர்ஆன் முஸ்ஹஃபை மூடிவிட்டு என் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டா.

"ஓம் மகள்" என்றா.