ஒரு சிட்டிகை சமேரியமும் குற்றாலச் சாரலும்

கொரோனாவுக்கு அடைத்துப்போட்ட அருவிகளைத் திறந்தபின் வந்த முதல் சாரல் காலம் அது. ஆனிக் கடைசி, புதன்கிழமை. எனக்கு எழுத்து தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. குளிக்கப் போவதாக வீட்டில் சொன்னேன். உண்மையில் ஒரு தப்பைச் சொல்லப் போனேன்.

வாசுதேவநல்லூரில் காலை ஆறு பத்துக்கு பஸ். தென்காசி முப்பத்தெட்டு கிலோமீட்டர், ஏழரைக்கு இறங்கினேன். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் பத்து ரூபாய். அருவியில் தண்ணீர் எப்படி என்று கண்டக்டரைக் கேட்டேன். "தண்ணியை விட ஆளுதான் பெரியவரே கொட்டுது" என்றார்.

ஐந்தருவி சாலையில் ஒரு லாட்ஜில் அந்த அம்மா தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் அவர் ஆராய்ச்சி மாணவி. நான் அந்த ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர். சமேரியம் என்கிற பொடியைத் துளியூண்டு கலந்து கண்ணாடி உருக்குவார். விளக்குக் காட்டினால் கண்ணாடி ஆரஞ்சாக ஒளிரும். விளக்கை அணைத்தபின் அந்த ஒளி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மிஷின் சொல்லும். பொடியை அரைப்பது என் வேலை. நன்றாக ஒளிரட்டுமே என்று, யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை கூடப் போட்டேன். ஒளி முன்பைவிடச் சீக்கிரம் அணைந்தது. கவனக்குறைவு என்று பேராசிரியர் அவரைத் திட்டி, எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னார். ஒரு வருஷம் போனது. வேலை போய்விடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

லாட்ஜ் வராந்தாவில் அவரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"கூடப் போட்டா கூட வெளிச்சம் வரும்னு நெனச்சீங்களா, அண்ணாச்சி?"

"ஆமாம்மா. அடுப்புக்கு விறகு வைக்கிற மாதிரி."

சிரித்துவிட்டார். பிறகு விளக்கினார். தள்ளித் தள்ளி இருக்கும் அணு, வாங்கிய சக்தியை நிதானமாக ஒளியாக விடுமாம். அதே இனத்து அணு பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தால் பாதியை அது பிடுங்கிக்கொள்ளுமாம். பிறகு இரண்டுமாக அந்தச் சக்தியை வெளிச்சமாக விடாமல் சூடாகவே தீர்த்துவிடுமாம்.

"கோவம் இல்லையாம்மா?"

"இருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும். இப்பவும் கோவமாத்தான் வருது. இருங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

தன் இலை அவியலையும் எனக்கே தள்ளினார்.

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டாம். காலை எட்டுக்குள் ஐந்தருவிக்குப் போய்விடுங்கள். எண்ணெய் தேய்ப்பவரிடம் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். யாரிடமாவது சொல்ல வேண்டியது இருந்தால், சொல்லிவிட்டுக் குளியுங்கள்.

அன்று அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த பேராசிரியர் போய்விட்டார். உலை பார்த்த மாடசாமியும் போய்விட்டான். என்னைத் திட்ட உரிமையுள்ளவர் இனி ஒருவர்தான் இருக்கிறார். அவர் பெயர் சண்முகவடிவு.