லெமுவல் எழுந்து போன கூட்டம்

என் அண்ணன் லெமுவல் பெட்டிஃபோர்டு தன் வாழ்நாளில் ஒரே ஒரு கூட்டத்திலிருந்துதான் பாதியில் எழுந்து போயிருக்கிறான். அதற்கே எங்கள் நகராட்சிக்கு ஒரு மாதம் தூக்கம் போய்விட்டது. நன்றாகப் போகட்டும். எங்களுக்குப் பத்து வருடமாகத் தூக்கம் இல்லை, அதை யார் கேட்டார்கள்?

அவனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கார்வர் தெருவில் அம்மா விட்டுப்போன வீட்டில் மாடியில் அவன், கீழே நான். கார் கதவுகளைத் தகட்டிலிருந்து அடித்தெடுக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அதை மூடிவிட்டு மெக்சிகோவுக்குப் போனார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டு, தரையைத் துடைத்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வாசல் பொறுப்பு அவனுடையது. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் போய் உட்கார வைப்பான். பிரசங்கத்தின் நடுவில் யாராவது எழுந்து வெளியே போனால் அவன் முறைக்கிற முறைப்புக்குப் பயந்தே பலர் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். காலி நாற்காலி என்றால் அவனுக்கு ஆகாது. கூப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும், போனால் முடியும்வரை இருக்க வேண்டும் என்பவன். என் கல்யாணத்திலேயே கடைசி ஆளாகக் கிளம்பியவன் அவன்தான், மாப்பிள்ளைக்கும் பிறகு.

இப்போது தெருவைப் பற்றி. எங்கள் பேட்டையில் இருந்த ஒரே சூப்பர் மார்க்கெட்டும் மூடியபின், ஒரு வெங்காயம் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். தெருவில் பாதிப் பேருக்குக் கார் கிடையாது. பக்கத்தில் இருப்பது பெட்ரோல் பங்க். அங்கே சிப்ஸ் கிடைக்கும், சோடா கிடைக்கும், கறுத்துப்போன வாழைப்பழம் இரண்டு கிடைக்கும். ஏரிக்காற்று அடிக்கிற ஜனவரியில், கோழியும் கீரையும் இரண்டு கையிலும் தொங்க பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

அப்போதுதான் டிரென்ட் ஹால்வர்சன் என்ற கட்டட முதலாளி வந்தார். பழைய சூப்பர் மார்க்கெட் இருந்த இடத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, அடுக்குமாடி கட்டுவதாகச் சொன்னார். கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வரும் என்றார். அதற்காகப் பத்து வருடம் சொத்துவரி கட்ட வேண்டாம் என்று நகராட்சி எழுதிக் கொடுத்தது. பேட்டைக்குப் புத்துயிர் ஊட்டும் திட்டமாம். எங்கள் ஓட்டை வீட்டுக்கு நானும் அண்ணனும் தவறாமல் வரி கட்டுகிறோம். அந்த வரியில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது. எதிரே ஐந்து மாடிக்குக் கிடையாது. சரி, கடை வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

கடை வந்தது. மேயர் வந்து ஆள் உயரக் கத்தரியால் ரிப்பன் வெட்டினார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். ஆலிவ் எண்ணெய் ஒரு சுவர் முழுக்க இருந்தது. வாசனை மெழுகுவத்தி இருந்தது. நாய்க்கு பிஸ்கட் இருந்தது. சோளமாவு இல்லை, கீரை இல்லை, கோழி இல்லை. வெங்காயம் எங்கே என்று கேட்டதற்குக் கல்லாவில் இருந்த பெண், "வதக்கின வெங்காயம் பாட்டில்ல இருக்கு மேடம், பிரான்ஸ்லேர்ந்து வருது" என்றாள். கோடை முடிவதற்குள் அந்தக் கடையும் மூடிவிட்டது. மூடியபின் ஹால்வர்சன் செய்த வேலைதான் என் வயிற்றெரிச்சல். காலிக் கடையின் கண்ணாடி முழுவதும் காய்கறிப் படம் ஒட்டினார். தக்காளி ஒவ்வொன்றும் என் தலை அளவு. பச்சைப்பசேல் என்று கீரை, அதன்மேல் தண்ணீர்த் துளி வேறு. காலையில் ஜன்னலைத் திறந்தால் அதன் முகத்தில்தான் நான் முழிக்க வேண்டும். எங்களைக் கேலி செய்வதற்கென்றே ஒட்டியது போல இருக்கும்.

இந்தச் சலுகைகளையெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க நகராட்சியில் ஒரு மறுஆய்வுக் குழு உண்டு. ஐந்து நாற்காலி. அதில் ஒன்று பேட்டைவாசிக்கு. சலுகையின் ஆறாவது வருடத்தில் அது காலியானபோது எங்கள் பாஸ்டர் அண்ணன் பெயரைக் கொடுத்தார். அண்ணன் சூட்டை இஸ்திரி போட்டான். "ஏ ரோசெட்டா, நம்மளையும் கேக்குறாங்க பாரு" என்றான்.

"கேக்கத்தான் கேப்பாங்க. காதுல விழுமான்னு பாரு" என்றேன்.

முதல் வருடம் நானும் கூடப் போனேன். பார்வையாளர் வரிசையில் நான் ஒருத்திதான். குழுவின் தலைவி நிதித்துறையைச் சேர்ந்த திருமதி கெஸ்லர். இன்னொருவர் நகர மன்ற உறுப்பினர். மற்ற இரண்டு நாற்காலிக்காரர்களை அன்றைக்கும் பார்க்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் பார்க்கவில்லை. திரையில் கட்டடம் கட்டடமாகப் படம் ஓடியது. எங்கள் தெருக் கட்டடம் வந்தது. கண்ணாடியில் தக்காளியும் கீரையும் பளபளத்தன. கெஸ்லர், "மளிகைக் கடை, இருக்கு. அடுத்தது" என்றார்.

அண்ணன் கையைத் தூக்கினான். "அம்மா, மன்னிக்கணும். அங்க கடை இல்லைங்க. கண்ணாடியில படம் ஒட்டியிருக்காங்க. உள்ள காலி."

மன்ற உறுப்பினர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "அட, ஆமா. நல்லா ஒட்டியிருக்காங்களே" என்றார். பாராட்டினார், கேட்டுக்கொள்ளுங்கள்.

கெஸ்லர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். "திரு பெட்டிஃபோர்டு, ஒப்பந்தத்துல 'மளிகைக்கு ஒதுக்கின இடம்'னுதான் இருக்கு. இடம் ஒதுக்கித்தான இருக்கு? நீங்க எதிர்த்து ஓட்டுப் போடலாம், பதிவு பண்ணிக்குவோம்" என்றார். இரண்டுக்கு ஒன்று. சலுகை தொடரும். பிறகு சாண்ட்விச் வந்தது. அடுத்த வருடமும் அதே படம், அதே இரண்டுக்கு ஒன்று, அதே சாண்ட்விச். அதற்கடுத்த வருடமும் அப்படியே. ஒப்புக்குச் சப்பாணி என்று நான் திட்டினால், "எதிர்ப்பு பதிவாகுதுல்ல" என்பான். பதிவானதை எண்ணெயில் போட்டு வதக்கவா முடியும்?

நான்காவது வருடம் கூட்டத்தன்று அண்ணனுக்குக் காய்ச்சல். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். வர முடியாது என்று நான்தான் போன் செய்து சொன்னேன். ஐந்து நிமிடத்தில் கெஸ்லரே கூப்பிட்டார். "அவர் பேசக்கூட வேண்டாம்மா. வந்து உக்கார்ந்தாப் போதும். மூணு பேர் இல்லேன்னா கூட்டம் செல்லாது. நாங்களே கார் அனுப்புறோம்." கார் வந்தது. அண்ணன் தொப்பியையும் மப்ளரையும் மாட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். முகத்தில் அத்தனை பெருமை. "கார் அனுப்பினாங்க ரோசெட்டா."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கஞ்சியை அவன் முன் வைத்துவிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "அண்ணே, கார் உனக்கா அனுப்பினாங்க? உன் பேச்சு வேண்டாம், உன் ஓட்டு வேண்டாம், உன் உடம்பு மட்டும் அந்த நாற்காலியில இருக்கணும். நீ போய் உக்கார்ந்தாத்தான் அந்த ஹால்வர்சனுக்கு வரி மிச்சம். நாலு வருஷமா அவனுக்குச் சலுகை குடுக்குறது கெஸ்லர் இல்ல. நீ."

அவன் கஞ்சியைக் குடிக்கவில்லை. சொன்னது அதிகப்படிதான் என்று எனக்கே தெரிந்தது, ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

அடுத்த வருடம், சலுகையின் பத்து வருடமும் முடிகிற டிசம்பர் வந்தது. இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டிக்க வேண்டும். வருடம் முடிவதற்குள் குழு ஓட்டுப் போடாவிட்டால் சலுகை தானாகவே காலாவதி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்தார்கள். அண்ணன் வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தான். பார்வையாளர் வரிசையில் நானும் இருந்தேன். ஹால்வர்சனின் வக்கீல் கூட வந்திருந்தார். அதே படம் திரையில் வந்தது. வெயிலில் கீரை கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான் மாற்றம்.

"ஓட்டுக்கு விடலாமா?" என்றார் கெஸ்லர்.

அண்ணன் எழுந்தான். கோட்டைப் போட்டான். பட்டன் ஒவ்வொன்றாகப் போட்டான்.

"திரு பெட்டிஃபோர்டு, பாத்ரூமா? காத்திருக்கோம்."

"இல்லம்மா. வீட்டுக்கு."

"நீங்க எதிர்த்துப் போடலாமே. உங்க எதிர்ப்பு பதிவாகும்."

"நாலு வருஷமா பதிவாயிருக்கு. எங்க தெருவுல இன்னும் ஒரு கீரைக்கட்டு கிடைக்கல. நான் உக்கார்ந்தாத்தான உங்களுக்கு மூணு? நான் உக்காரல."

வக்கீல் அவன் பின்னாலேயே ஓடினார். "சார், இது பொறுப்பில்லாத செயல். பொதுமக்கள் உங்களை நம்பித்தான் அனுப்பியிருக்காங்க" என்றார். அண்ணன் கதவருகில் நின்று, "நம்பித்தான் அனுப்பினாங்க. அதான் போறேன்" என்றான். இருவரும் பஸ் ஏறினோம். "மரியாதை இல்லாம எழுந்து வந்துட்டேன்" என்று இறங்கும்போது சொன்னான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வருடம் முடிந்தது. சலுகையும் முடிந்தது. பெட்டிஃபோர்டு முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போட்டதாக ஊர்ப் பத்திரிகை எழுதியது. எங்கள் சர்ச்சிலேயே ஒருவர், "கட்டடம் போயிடுச்சுன்னா உன் தங்கச்சியா கட்டித் தரப்போகுது?" என்று அவனைக் கேட்டாராம். அடுத்த ஞாயிறும் அவன் வாசலில் நின்று அவரையும் அழைத்துப் போய் நல்ல இடத்தில்தான் உட்கார வைத்தான். நானாக இருந்தால் தூணுக்குப் பின்னால் வைத்திருப்பேன்.

ஜனவரி நடுவில் எங்கள் வாசலில் மணி அடித்தது. திறந்தால் சாட்சாத் ஹால்வர்சன். பத்து வருடமாக எதிரே கட்டடம் வைத்திருப்பவர் எங்கள் படி ஏறியது அன்றைக்குத்தான். கையில் ஒரு பழக்கூடை. பேரிக்காய், திராட்சை, அன்னாசி, மேலே கண்ணாடித்தாள் சுற்றிச் சிவப்பு ரிப்பன். அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"லெமுவல், பழசை மறந்துடுவோம். அடுத்த வாரம் சிறப்புக் கூட்டம் போடுறாங்க. தேதியை மன்றம் தளர்த்தித் தருது. நீங்க வந்து உக்கார்ந்தாப் போதும்" என்றார்.

அண்ணன் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான். "நல்ல பழமா இருக்குங்க. எங்க வாங்கினீங்க?"

"எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு கடை இருக்கு. வெஸ்ட்ஃபீல்டுல. எப்பவும் ஃபிரெஷ்ஷா வச்சிருப்பாங்க."

"கார்ல வர எவ்வளவு நேரமாச்சு?"

"அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஏன்?"

"இல்ல, உங்க கட்டடத்துலயே வாங்கியிருக்கலாமேன்னு பாத்தேன்."

ஹால்வர்சன் திரும்பி எதிரே பார்த்தார். தக்காளிகள் இருந்தன. அவர் காது சிவந்தது. கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எடுத்துட்டுப் போங்க சார். உங்க கடையில வெங்காயம் வந்த அன்னிக்கு ஆள் அனுப்புங்க, கார் வேண்டாம். நானே நடந்து வந்து உக்காருறேன்" என்றான் அண்ணன்.

அவர் கூடையோடு படி இறங்கிப் போனார். நான் கதவைச் சாத்தினேன். அந்தப் பேரிக்காய் வாசனை கூடத்திலேயே நின்றது. மூன்று வாரமாக நான் ஒரு நல்ல பழம் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் என் வாயில் எச்சில் ஊறியது. அறுபத்திரண்டு வயதில், என் சொந்த வீட்டில், அந்த ஆள் கொண்டுவந்த பழத்துக்கு எனக்கு எச்சில் ஊறியது. அதற்காக மட்டும் நான் அவர்களை மன்னிக்க மாட்டேன்.